டைஸில் தோற்றால் முன்னால் சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போவது தப்பா? (டிஸ்கோ எலிசியம் கேம். கொலையாளி யார் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்)

கொலுசுப்பட்டறை:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, குளித்து, சாப்பிட்டு முடித்தால் பத்தரைக்கு மேல்தான் லேப்டாப் கைக்கு வரும். போன மாதம் ஸ்டீமில் தள்ளுபடி போட்டபோது டிஸ்கோ எலிசியம் வாங்கினேன். துப்பறியும் கேம் என்று மட்டும்தான் தெரியும். துப்பாக்கிச் சண்டை வரும், காரில் துரத்துவார்கள் என்று காத்திருந்தேன். இங்கே என்னடாவென்றால், ஹீரோ கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே தன் மூளையோடு வாதாடிக்கொண்டிருக்கிறான்.

முதல் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. போலீஸ்காரன் அறிவாளியாக இருக்கட்டும் என்று புத்திக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்து, உடம்புக்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். முந்தின நாள் போதை தெளியாமல் எழுந்தான். மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்த டையை எட்டிப் பிடிக்கப் போனான். மாரடைப்பு. பேன்ட்கூடப் போடாமல் செத்துப்போனான். தட்டுவடை செட்டு வாங்கி வைத்திருந்தேன், இரண்டாவதைக்கூடத் தொடவில்லை.

மறுபடி ஆரம்பித்து, உடம்புக்கும் கொஞ்சம் பங்கு வைத்து, இப்போது இரண்டாம் நாளில் இருக்கிறேன். பிடித்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. தலைக்குள் இருபத்து நான்கு திறமைகள், இருபத்து நான்கும் வாய் ஓயாமல் பேசுகின்றன. என்சைக்ளோபீடியா அப்படியே எங்கள் சித்தப்பா. இன்றைக்கு வெள்ளி என்ன விலை என்று கேட்டால் கஞ்சமலையில் சித்தர் இருந்த காலத்திலிருந்து ஆரம்பிப்பார். குடி, போதை என்று இழுக்கிற எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி என்பது சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நிற்கிற பழைய கிளாஸ்மேட். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

பிரச்சினை டைஸில்தான். கஷ்டமான எதைச் செய்யப் போனாலும் பகடை உருட்டி, ஜெயமா தோல்வியா என்று சோதிக்கிறது கேம். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் முன்னால் சேவ் பண்ணிய இடத்தை லோடு பண்ணி, அங்கிருந்து மறுபடி ஆடுகிறேன். ஹீரோ தங்கியிருக்கிற விடுதிக்குப் பின்னால் மரத்தில் பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. கிட்டே போனாலே நம்மாள் வாந்தி எடுக்கிறான். அந்த இடத்தை மட்டும் ஏழு தடவை லோடு பண்ணினேன். பக்கத்தில் ஒரு பொடியன் பிணத்தின் மேல் கல் எறிந்துகொண்டே என்னைத் திட்டுகிறான். அந்தத் திட்டும் ஏழு தடவை.

இது பட்டறைப் பழக்கமாக இருக்கலாம். சலங்கை சரியாகப் பற்றவில்லை என்றால் வெள்ளியை உருக்கி மறுபடி செய்துவிடுவோம், பொருள் எங்கேயும் போகாது. ஆனால் உண்மையான காரணம் கிம் கிட்சுராகி, வழக்கில் ஹீரோவோடு கூடவே வருகிற இன்னொரு போலீஸ்காரர். ஆரஞ்சு ஜாக்கெட், கண்ணாடி, கையில் குறிப்பேடு. நான் உளறும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை, ஒரு பார்வைதான். எங்கள் பட்டறையில் மெருகு போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் பற்றவைத்ததைக் கையில் வாங்கி, கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஓரமாக வைப்பார். அதே பார்வை. அதைத் தாங்க முடியாமல்தான் லோடு பண்ணுகிறேன்.

நீங்களெல்லாம் எப்படி? அப்புறம், இன்னொன்று. என் ஆங்கிலம் பில் போடுகிற ஆங்கிலம். மொத்தம் பத்து லட்சம் வார்த்தைக்கு மேல் இருக்கிறதாம் இந்த கேமில். தமிழிலும் கிடையாது. போனில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தாண்டுவதற்குள் ஒரு மணி ஆகிறது. ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக் குளிர்:

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருளுவது இரண்டு பகடை. இரண்டிலும் ஒன்று விழுந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்வி. இரண்டிலும் ஆறு விழுந்தால் எவ்வளவு மக்காக இருந்தாலும் வெற்றி. முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. அதனால்தான் திரையில் 97 சதவீதத்துக்கு மேலும் காட்டாது, 3 சதவீதத்துக்குக் கீழேயும் போகாது. 97 என்று போட்டிருந்து தோற்றால் கேமைத் திட்டாதீர்கள். உங்கள் ராசி அது.

வெள்ளை நிறத்தில் வருகிற சோதனையில் தோற்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அந்தத் திறமையில் ஒரு புள்ளி ஏற்றினால் மறுபடி திறக்கும். சில இடத்தில் சட்டையை மாற்றினாலே சதவீதம் ஏறும், உடுப்புக்கெல்லாம் இந்த கேமில் புத்தி உண்டு. சிவப்புதான் ஒரே வாய்ப்பு.

ஆனால் வேடிக்கை முழுவதும் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. விடுதி மேனேஜர் 130 ரேயால் (அந்த ஊர்ப் பணம்) பாக்கி கேட்பார் இல்லையா? என்னிடம் சல்லிக்காசு இல்லை. ஓடிவிடலாம் என்று ஒரு வழி காட்டியது, அழுத்தினேன். நம்மாள் ஓடுகிற ஓட்டத்தில் பின்னால் திரும்பி, மேனேஜருக்கு விரலைக் காட்டிக்கொண்டே எகிறிக் குதித்து, சக்கர நாற்காலியில் சிவனே என்று உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் மேல் போய் விழுந்தான். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்து சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு ஜெயித்திருந்தால் இதில் சொல்ல என்ன இருக்கிறது? ஓடினான், தப்பித்தான், அவ்வளவுதான்.

பாக்கிப் பணத்தை அப்புறம் காலி பாட்டில் பொறுக்கிக் கடையில் போட்டுத்தான் சேர்த்தேன். மஞ்சள் பை ஒன்று கிடைக்கும், விட்டுவிடாதீர்கள். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தர ஆரம்பித்தார்களே, அதே சங்கதிதான். போலீஸ்காரன் பை நிறையப் பாட்டிலோடு கலகலவென்று நடப்பதைக் கிம் பார்த்துக்கொண்டே வருவார். அவர் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் என்று வைத்துக்கொண்டு அதைத் தாண்டாத மனிதர். உங்கள் உளறலைத் தாங்க மாட்டாரா?

ஷிவர்ஸ் என்று ஒரு திறமை இருக்கிறது, அதற்கும் கொஞ்சம் புள்ளி போடுங்கள். ஊரே உங்களிடம் பேசும். காற்று எந்தத் தெருவில் நுழைகிறது, எந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே போகும். அது முதலில் வந்தபோது நான் கேமை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். மழை விட்டிருந்தது, கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. லேடீஸ் சீட்டில் இருந்து ராத்திரி பார்த்தால் கீழே சேலம் முழுவதும் விளக்காகக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் உங்கள் செவ்வாய்ப்பேட்டை எது, குகை எது என்று பிரிக்கவே முடியாது. அது மாதிரி ஒரு பார்வை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்துரோடு ஆட்டக்காரன்:

சண்டை இல்லை, குதிரை இல்லை, வாள் இல்லை. நாலு மணி நேரம் படித்தேன், தூங்கிவிட்டேன். இதற்குப் போட்டித் தேர்வுக்குப் படித்திருந்தால் வேலையாவது கிடைத்திருக்கும். டெலிட்.

அஸ்தம்பட்டி அக்கா:

ஆட்டக்காரனே, தூக்கமாவது நன்றாக வந்ததே.

பட்டறைத் தம்பிக்கு: ஏற்காட்டு அண்ணன் சொல்வதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். காசு கொடுத்து வாங்கியது நீங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. எல்லாத் தோல்வியையும் ரசிக்க எனக்கு நேரம் இல்லை. சிரிப்பு வந்தால் அப்படியே போவேன், எரிச்சல் வந்தால் லோடு பண்ணுவேன். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லோடு பண்ணுவதற்கு முன்னால் தோற்ற பிறகு வருகிற பேச்சை முழுவதும் படித்துவிடுங்கள். எழுதியவர்கள் அதற்கும் அதே உழைப்பைப் போட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றி. நீங்கள் வைத்திருப்பது ஃபைனல் கட் என்கிற புதிய பதிப்புதானே? 2019-இல் முதலில் வந்தபோது கொஞ்சம் வசனத்துக்குத்தான் குரல் இருந்தது, 2021-இல் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்துவிட்டார்கள். தலைக்குள் பேசுகிற திறமைகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான், லென்வால் பிரவுன் என்பவர். அவசரமே படமாட்டார். கண்ணால் படிக்காமல் முதலில் காதால் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு வரியைப் பார்த்தால் பாதி தானாகப் புரியும். நான் தமிழ் மீடியம்தான், இப்படித்தான் முடித்தேன்.

இன்னொன்று, அகராதியைக் கீழே வையுங்கள். புரியாத வார்த்தையில் பாதி அவர்களே அந்த உலகத்துக்காகச் செய்துகொண்டது. இஸோலா, ரெவஷோல், ரேயால் என்று தேடித் தேடி நானும் ஒரு வாரம் கெட்டேன். பேல் என்று தேடினால் வெளிறிய நிறம் என்று அகராதி சொல்லும், கேமில் அது வேறு சமாச்சாரம். ஹீரோவுக்கே எல்லாம் மறந்துபோயிருக்கிறது, பணம் என்றால் என்ன என்றுகூடக் கேட்கிறான். அவனுக்குப் புரியாததெல்லாம் நமக்குப் புரிய வேண்டுமா? அவன் கேட்கும்போது கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். எதிராளி விளக்குவார், விளக்கும்போது கொஞ்சம் ஏளனமும் செய்வார், அது நம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

நேரம் ஓடிவிடுமே என்றும் பதற வேண்டாம். பேச்சில் அடுத்த வரிக்குப் போகும்போதும், கேமுக்குள் ஹீரோ புத்தகம் படிக்கும்போதும்தான் அங்கே கடிகாரம் நகரும். ஒரே வரியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அங்கே ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏற்காட்டுக் குளிர்:

அக்கா சொன்னது சரி, அந்தக் குரல் விஷயத்தை மறந்துவிட்டேன். ஆனால் தம்பி, லோடு பற்றி ஒரே ஒரு வார்த்தை. உங்கள் தொழிலிலேயே கேட்கிறேன். சேதாரம் போடாமல் கொலுசு விற்பீர்களா?

கொலுசுப்பட்டறை:

சேதாரத்தில் கை வைத்துவிட்டீர்களே அண்ணா. சரி, ஒரு வாரம் லோடு பண்ணுவதில்லை என்று முடிவெடுத்து ஆடினேன்.

அகராதியை விட்டது பெரிய நிம்மதி. ஹெட்செட் இல்லாததால் ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன். முதல் நாள் அம்மா உள்ளே இருந்து, "யாருப்பா அது, கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி?" என்றார். போலீஸ்காரனின் மூளை பேசுகிறது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிணத்திடம் மறுபடி வாந்தி. கிம் பக்கத்தில்தான் நின்றார். ஒரு புள்ளி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன், இந்தத் தடவை தாங்கிவிட்டான். வெள்ளைச் சோதனையின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பாட்டில் பொறுக்கிக்கொண்டே அந்த ஊரைப் பாதி சுற்றிவிட்டேன். மஞ்சள் பைக்கு நன்றி.

நேற்று விடுதியில் கரோக்கி. சதவீதம் கேவலமாகத்தான் இருந்தது. பழைய வழக்கப்படி முதலில் சேவ் பண்ணக் கை போனது, கையைத் தடுத்து தட்டுவடையை எடுக்க வைத்தேன். தோற்றான். ஆனாலும் மேடையை விட்டு இறங்கவில்லை. குரல் உடைந்து, சுருதி எங்கோ போய், பாட்டு முழுவதையும் பாடித் தீர்த்தான். துருவின பீட்ரூட் கீபோர்டில் சிந்தியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தில் அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்றிருக்கிறார், கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் திரையைப் பார்த்து, "பாவம், வீட்டில் ஏதோ கஷ்டம் போல அவனுக்கு" என்றார். போகும்போது வாசல் லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.