மார்ச் மாதத்து அவசரக் கொள்முதலைத் தடுக்க வழி உண்டா?

கேள்வி: கணக்குப் பிரிவு எழுத்தர்
மீதமுள்ள ஒதுக்கீட்டைத் தீர்க்க எங்கள் அலுவலகத்தில் மீண்டும் இரும்பு பீரோ வாங்கப் போகிறார்கள். போன மார்ச்சில் வந்த இரண்டும் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன. ஒழுகும் பதிவறைக்குப் பணம் இல்லை. அது வேறு கணக்குத் தலைப்பாம், அதாவது வேறு செலவு வகையாம். செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள் என்கிறார்கள். வயிறு எரிகிறது.

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்
வழி உண்டு தம்பி, நானே பார்த்திருக்கிறேன். 1994இல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் டெண்டர் விட்டு வாங்கி, மருந்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியதை மட்டும் கிடங்கிலிருந்து தருவார்கள். எங்கள் மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக், அதில் எங்கள் ஒதுக்கீடு இருக்கும். எடுக்க எடுக்கத் தொகை கழியும். இருமல் மருந்து தேங்கினால் அடுத்த முறை அதை விட்டு, சர்க்கரை நோய் மாத்திரையைக் கூடுதலாக எடுப்பேன். தேவையை நாங்களே முடிவு செய்தோம், விலையைக் கழகம் பார்த்துக்கொண்டது. அந்தப் பிரிவினைதான் உயிர்நாடி. உங்கள் பீரோவைக் கேட்டது யார் என்று கோப்பில் தேடுங்கள். ஒருவரும் இருக்க மாட்டார்.

பதில்: முன்னாள் தணிக்கையாளர்
மத்திய அரசு அலுவலகம் என்றால் பொது நிதி விதிகள் 2017, விதி 62(3) காட்டுங்கள். ஆண்டுக் கடைசி அவசரச் செலவு நிதி ஒழுங்கை மீறுவது என்றே அதில் இருக்கிறது. கூடவே மறு ஒதுக்கீடு, அதாவது பீரோ பணத்தை வேறு தலைப்புக்கு மாற்றித் தரக் கேட்டு எழுதுங்கள். மார்ச் 31ஆம் தேதிக்குள் ஆணை வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. பதிவறைக் கூரையின் படத்தையும் இணைத்து நாளையே குறிப்பு வைக்கிறேன்.