தொடர் முடிந்த பிறகு கிரா எங்கே போயிருப்பார்?

அக்கராயனிலிருந்து:

'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் கிரா நெரிஸ் விண்வெளி நிலையத்தின் யன்னலோரம் நிற்கிறார். பக்கத்தில் தகப்பனைப் பிரிந்த ஜேக். இருவரும் வெளியே பார்த்தபடி நிற்க, நிலையம் சிறிதாகிச் சிறிதாகி மறைகிறது. அந்த இடத்திலிருந்து கிராவின் மிச்ச வாழ்க்கையை நான் மனதுக்குள் எழுதிக்கொண்டு வருகிறேன். எழுத வைத்தவர் என் மாமா.

தொடர் 1993 முதல் 1999 வரை ஓடியது. அந்த வருடங்களில் வன்னியில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. 2016இல் கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒரு ஹார்ட் டிஸ்க்கை விட்டுப் போனாள். அதில்தான் ஏழு பருவங்களையும் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பஜோர் என்ற கிரகத்தைக் கார்டேசியர்கள் அரை நூற்றாண்டு ஆக்கிரமித்திருந்தார்கள். கிரா சிறுமியாக இருக்கும்போதே ஆயுதம் எடுத்தவர். ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு அவருக்கு அரசாங்க வேலை. முதற்பருவத்தில் ஒரு கதை: ஜெராடோ என்ற நிலவின் உட்பகுதியிலிருந்து எரிசக்தி எடுக்க வேண்டும், எடுத்தால் அங்கே மனிதர் மூச்சுவிட முடியாது. எல்லோரும் வெளியேறியாயிற்று. முல்லிபொக் என்ற கிழவர் மட்டும் போகமாட்டேன் என்கிறார். கிரா அவரோடு தங்கி, அவர் பாதியில் விட்ட சூளையைக் கட்டி முடிக்க உதவுகிறார். கடைசியில் அதே சூளையைத் தன் துப்பாக்கியாலேயே உடைத்து, வீட்டுக்கும் தீ வைக்கிறார். போனால் செத்துவிடுவேன் என்கிறார் கிழவர். சாகமாட்டீர்கள் என்கிறார் கிரா. அவ்வளவுதான் கதை.

அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2008இன் பிற்பகுதியில் போர் நெருங்கி வர, வன்னியிலுள்ள எங்கள் அக்கராயனை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் அப்பு வளவை விட்டு வரமாட்டேன் என்று பலாமரத்தடியில் சாக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா அழுதார். அயலார் வந்து சொல்லிப் பார்த்தார்கள். ஷெல் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா எதுவும் பேசவில்லை. ஏணியைச் சாத்தி ஏறி, அப்புவின் கொட்டிலிலிருந்த கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார். போகிற இடத்தில் மழைக்குத் தகரம் வேண்டும் என்பது உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் கொண்டு போனார்கள். ஆனால் மாமா முதலில் கைவைத்தது அப்பு படுக்கிற மூலைக்கு மேலே. பிற்பகல் வெயில் வெறும் நிலத்தில் விழுந்தது. அப்பு அந்த வெளிச்சத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, சாறத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உழவு இயந்திரத்தில் ஏறினார்.

அன்றிலிருந்து மாமாவோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தருமபுரத்தில் பேசவில்லை, விசுவமடுவில் பேசவில்லை, பங்கருக்குள் தோளோடு தோள் ஒட்டியிருந்தபோதும் பேசவில்லை. தகரங்கள் வழியில் போய்விட்டன. மாமா ஒரு பால்மாப் பேணியை மட்டும் விடவில்லை. அதற்குள் அந்தக் கூரையின் ஆணிகள், ரப்பர் வளையங்களோடு. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்து, வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்குவார். ஒரு ஆணியை உருட்டிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார், மறுபடி உருட்டுவார். அப்பு மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

2010இல் மீள்குடியேறியபோது எங்களுக்கென்று கிடைத்த தகரங்களை மாமா தன் குடும்பத்துக்குப் போடவில்லை. முதலில் அப்புவின் மூலை. அந்தப் பேணி ஆணிகளால்தான் அறைந்தார். துருப்பிடித்த இரண்டு ஆணிகள் தலை முறிந்தன. கீழே நின்ற அப்பு, "அந்தப் பக்கம் ஒழுகும், இன்னும் ஒன்று அடி" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

அதனால்தான் 'லோவர் டெக்ஸ்' என்ற அனிமேஷன் தொடரில் 2022இல் வந்த ஒரு அத்தியாயத்தில் கிரா இன்னும் அதே நிலையத்தில் கர்னலாக இருப்பதைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டாலும் மனம் நிறையவில்லை. என் கிரா ஓய்வுபெற்றதும் முல்லிபொக்கைக் குடியேற்றிய கிராமத்தைத் தேடிப் போகிறார். கூப்பிடாமலே போய், வீட்டின் பின்புறம் களிமண் குழைக்கிறார். கிழவர் வெளியே வருவதில்லை. முதல் சூளை வெடித்துவிடுகிறது. அடுத்த வருடம் மறுபடி போகிறார், அதுவும் சரிவரவில்லை. மூன்றாம் வருடம் கதவு திறக்கிறது. "வாயை இவ்வளவு அகலமாக வைத்தால் சூடு நிற்குமா?" என்று கேட்கிறார் கிழவர். அதோடு நான் நிறுத்திவிடுவேன். எத்தனை முறை எழுதினாலும் அதற்கு மேல் போக மனம் வருவதில்லை.

முகமாலையிலிருந்து:

அக்கா, நான் அந்தத் தொடரில் பிடித்துக்கொண்டது வேறு கதை. மூன்றாம் பருவத்தில் கார்டேசியர் நஞ்சாக்கிவிட்டுப் போன மண்ணைச் சுத்தமாக்கும் இயந்திரங்களைத் திருப்பித் தரச் சொல்லி அரசாங்கம் விவசாயிகளிடம் கேட்கிறது. வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்ட கிரா, விவசாயிகளின் பக்கமே நின்றுவிடுகிறார். அவர் கடைசிவரை மண்ணோடுதான் இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

நான் ஐந்து வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். அங்கே இயந்திரம் வந்து மண்ணைச் சுத்தமாக்கவில்லை. முழங்காலில் இருந்து, முகமூடிக் கண்ணாடிக்குள் வியர்வை வழிய, கையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நாளுக்குச் சில சதுர மீற்றர்தான் நகர்வோம். ஒரு நாள் என் பாதையில் மூன்று கற்கள் வந்தன. அடுப்புக் கற்கள். உட்பக்கத்தில் கரி அப்படியே இருந்தது. யாரோ ஒருவரின் குசினிக்குள் நான் முழங்காலில் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கற்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. காணியைக் கையளிக்கும் நாளில் ஒரு வயதான அம்மா வந்து, அந்தக் கற்களைப் பார்த்ததும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். என் கிராவுக்கு அறுபது வயது. அவரும் இப்படித்தான் முழங்காலில் இருப்பார்.

வவுனியாவிலிருந்து:

நான் கிராவின் காதலர் ஓடோவை நினைத்துக் கேட்கிறேன். உருவம் மாறக்கூடிய ஓடோவின் இனத்தார் ஒன்றாகக் கலந்து கடல்போலக் கிடப்பவர்கள். கடைசி அத்தியாயத்தில் கிரா அவரை அவருடைய இனத்தாரோடு சேரவிட்டுத் தனியே திரும்பி வருகிறார். ஓடோ மட்டும் அந்தக் கடலில் இறங்குவதைக் கரையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறார். என் சித்தி கணவரின் புகைப்படத்தோடு 2017 முதல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் நடத்தும் போராட்டத்துக்குப் போய் வருகிறார். அந்தக் காட்சியைச் சித்திக்குச் சொன்னேன். "அவளுக்குக் கரையாவது தெரியும்" என்றார். அதற்குப் பிறகு கிராவின் வாழ்க்கையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அக்கராயனிலிருந்து:

உங்கள் சித்தியின் சொல்லை வாசித்துவிட்டு நேற்று எதுவும் எழுத முடியவில்லை. முகமாலைத் தங்கச்சி, அந்தக் கற்களை எறியாமல் விட்டதற்கு நன்றி.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அப்பு 2012இல் காலமானார். சென்ற மாதம் மாமாவை உட்கார வைத்து அந்தச் சூளைக் கதையைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் விளங்காது என்பதால் நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சூளை உடைகிற இடத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன். முடிந்ததும் மாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கிழவர் பிறகு அவளோடு கதைத்தாரா?"

தொடரில் அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை என்றேன்.

"எத்தனை வருடம் ஓடியது?"

ஏழு என்றேன். மாமா விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.