பி0016 கோடு: சென்சாரா, செயினா?

காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம், அப்புறம் அடங்கிடுது. இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேனர்ல பி0016ன்னு எரர் கோடு காட்டுது. மெக்கானிக் கேம் சென்சார் மாத்தணும்ங்கிறார். பெட்ரோல் வண்டி, டைமிங் செயின். மாத்திடலாமாண்ணே?

—

அவசரப்படாதீங்க தம்பி. சென்சாரோ வயரிங்கோ போனா பெரும்பாலும் பி0340 வரும். பி0016ன்னா, டைமிங் செயின் இணைக்கிற கிராங்க்கும் (பிஸ்டன் சுத்துற தண்டு) கேமும் (வால்வைத் திறக்கிற தண்டு) ஒண்ணுக்கொண்ணு கோணம் ஒத்துப்போகலைன்னு இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ சொல்லுது. முதல்ல டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை, இழுத்துப் பாருங்க. ஆயில் கம்மியா, தார் மாதிரி கெட்டியா இருந்தா, வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற விவிடி சரியா வேலை செய்யாது. அடுத்தது, அந்த விவிடிக்கு ஆயிலை விடுற ஆயில் கன்ட்ரோல் வால்வு. கழட்டினா சல்லடையில கசடு கண்ணுக்கே தெரியும். ஆனா உங்க காலை நேரச் சத்தம்தான் இடிக்குது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரோ, நீண்டுபோன செயினோன்னு தோணுது.

—

ஆயில் கரேல்னு இருக்குண்ணே, குச்சியில கீழ்க்கோட்டுக்கும் கீழ. சரி பண்ற வரைக்கும் வண்டியை ஓட்டலாமா?

—

ஓட்டவே ஓட்டாதீங்க. செயின் பல் தாண்டினா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும், ஹெட்டையே இறக்கணும். ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டு, கவரைத் திறந்து டைமிங் மார்க் பார்க்கச் சொல்லுங்க. சென்சார் பில்லுக்கு இப்போ தலையாட்டாதீங்க.