ஹவுஸ்டாஃபெல்: தமிழில் என்ன சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம். இறையியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல் இடிக்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் பெயரில் உள்ள நிருபங்களான (கடிதங்களான) கொலோசெயர் 3:18–4:1, எபேசியர் 5:21–6:9 இரண்டிலும் மனைவி–கணவன், பிள்ளை–தகப்பன், அடிமை–எஜமான் என்று இணை இணையாக அறிவுரை வருமே, அந்த வகைக்கு ஜெர்மனில் 'ஹவுஸ்டாஃபெல்' என்று பெயர். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய விசுவாசப் பாடநூலான சிறிய ஞானோபதேசம் (1529) வழியாக வந்தது. சொல்லுக்குச் சொல் 'வீட்டுப் பலகை' என்றால் 'வாடகைக்கு' என்று தொங்குவதுபோல இருக்கிறது. 'இல்லற ஒழுக்கக் கோவை' சரியா?
– ஜெ.

> இல்லற ஒழுக்கக் கோவை

கோவை என்றதும் எனக்கு நானூறு அகத்துறைப் பாடல்தான் நினைவுக்கு வருகிறது. அது களவில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில் தொடங்குவது, பவுலுக்கு ஆகாது. 'மனையறம்' போதும். சிலம்பிலேயே மனையறம்படுத்த காதை உண்டு.
– கி.

> மனையறம்படுத்த காதை

அதற்கு அடுத்த காதையிலேயே கோவலன் மாதவி வீட்டில் இருக்கிறான் ஐயா! 'உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்' என்பதற்கு அந்த வீடா உவமை?

விளையாட்டு இருக்கட்டும். இல்லறம், மனையறம் இரண்டிலும் அடிமைக்கு இடமில்லை. அரிஸ்டாட்டில் 'அரசியல்' முதல் நூலில் சொல்வதும் இதே மூன்று இணைதான், ஆனால் ஆள்பவனை வைத்தே பேசுகிறார். இந்த நிருபங்களோ மனைவியை, பிள்ளையை, அடிமையை நேரே விளிக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு 'வேலைக்காரரே' என்று மழுப்பிவிட்டது. கிரேக்க மூலத்தில் 'தூலொய்', அடிமைகள். கொலோசெயரில் மனைவிக்கு 'ஹிப்போதாசெஸ்தே' (உட்பட்டிருங்கள்), பிள்ளைக்கும் அடிமைக்கும் 'ஹிப்பாகூவெதே' (சொல்கேளுங்கள்). இரு வேறு வினைகள். தமிழில் எல்லாருக்கும் ஒரே 'கீழ்ப்படியுங்கள்'. தலைப்பை விட இதுதான் எனக்கு உறுத்துகிறது.
– ம.

அம்மா சொல்வது சரி. லத்தீன் 'ஃபமிலியா'வே 'ஃபமுலுஸ்', அதாவது பணியடிமை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். எல்லாரையும் அடக்கும் தமிழ்ச்சொல் 'குடி'. ஆகவே 'குடிநெறி'. குடும்பமும் வடசொல் அன்று என்பது என் கட்சி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஊரையே 30 குடும்பாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பு, குடம்பை (கூடு), குடில், குடிசை...
– கி.

'குடிநெறி' என்று அட்டையில் போட்டால் மதுவிலக்குப் பிரசுரம் என்று வாங்கிப் போவார்கள். 'குடும்ப ஒழுங்கு' என்று வையுங்கள். 'ஒழுங்கு' சபையில் புழங்கும் சொல், யாருக்கும் விளக்கவேண்டாம்.
– சா.

> குடும்ப ஒழுங்கு

அச்சகத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. இதையே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஹவுஸ்டாஃபெல்'.
– ஜெ.

சரி, போடுங்கள். எனக்குச் சம்மதமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பிலாவது 'அடிமை' என்றே இருக்கட்டும்.
– ம.

குடம்பை பற்றி இன்னும் முடிக்கவில்லை. தனி இழையில் எழுதுகிறேன்.
– கி.