ஹேஷ் எண் இருந்தால் ஆடியோ உண்மையாகிவிடுமா?

கதிர்வேல்:
2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு போய், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. வாட்ஸ்அப் ஆடியோவைக் கோர்ட்டில் கொடுத்தால் கூடவே சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதியில் கொடுப்பவர் கையெழுத்து, பி பகுதியில் நிபுணர் கையெழுத்து, அப்புறம் ஹேஷ் எண், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண். ஆனால் அந்த ஹேஷ், கணக்கிட்ட பிறகு கோப்பை யாரும் தொடவில்லை என்று மட்டும்தான் காட்டும். என் குரலை ஏஐயில் செய்து கொண்டுவந்தாலும் ஹேஷ் சரியாகவே பொருந்தும்! அதனால் ஏஐ ஆடியோவுக்கென்று தனியாகக் கடுமையான சட்டம் வேண்டும்.

மீனாட்சி (வக்கீல்):
தம்பி, சான்றிதழ் இருந்தால் கோர்ட் ஆடியோவை எடுத்துக்கொள்ளும், நம்பியே ஆக வேண்டும் என்று இல்லை. 1985இல் டேப் பதிவு பற்றிய ராம் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் சொல்லிவிட்டது. பேசியவரின் குரலை, பதிவு செய்தவரோ அந்தக் குரலை அறிந்தவரோ அடையாளம் காட்ட வேண்டும், திருத்தம் செய்ய வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். புதுச் சட்டம் எதற்கு?

கதிர்வேல்:
மேடம், "குரலை அறிந்தவர்" என்பதே இப்போது ஆட்டம் கண்டுவிட்டதே. பெற்ற அம்மாவையே ஏமாற்றுகிற அளவுக்குக் குரலைச் செய்கிறார்கள். டேப் காலத்து நிபந்தனை, வெட்டி ஒட்டியதைப் பிடிக்கும். முழுவதும் புதிதாகச் செய்ததில் வெட்டே இருக்காது.

சலீம்:
அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2024இல் ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு செல்போன் வீடியோவை ஏஐ மென்பொருளில் தெளிவாக்கிக் கொண்டுவந்தது. மென்பொருள் இல்லாத புள்ளிகளைத் தானாகச் சேர்க்கிறது, துறை வல்லுநர்கள் இந்த முறையை ஏற்கவில்லை என்று நீதிபதி அதை ஒதுக்கிவிட்டார். ஏஐக்கென்று தனி விதி இல்லாமலேதான்.

கதிர்வேல்:
சலீம் பாய், அங்கே ஏஐ போட்டோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மறைத்துக் கொண்டுவந்தால்?

மீனாட்சி (வக்கீல்):
நான் பயப்படுவது மறுபக்கத்துக்கு. என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம் கணவர் மிரட்டிய ஆடியோ இருந்தது. அவர் குரல்தான், ஆனால் "ஏஐ" என்று ஒரு வார்த்தை சொன்னார், ஆய்வக அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். நீங்கள் கேட்கிற மாதிரி கடும் விதி போட்டால் முதலில் அடி வாங்குவது இவளைப் போன்றவர்கள். ஏஐ என்று சொல்பவர் காரணத்தோடு பிரமாணப் பத்திரம் தரட்டும், பிறகு ஆய்வுக்கு அனுப்பலாம்.

கதிர்வேல்:
பிரமாணப் பத்திரம் சரி மேடம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆடியோ எந்த போனில் முதலில் பதிவானதோ அந்த போனையே ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்குங்கள். ஃபார்வேர்டு ஆகி வந்த ஒரு பிரதியை வைத்துக்கொண்டு என் பக்கத்தை நான் எப்படி நிரூபிப்பேன்?