புதுப்பிப்பு: விரதத்தை விட மறுத்த தங்கைக்கு அனோரெக்சியா

கந்த சஷ்டி முடிந்த பிறகும் தங்கை விரதத்தை நிறுத்தவில்லை, மருத்துவர் அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைத் தவிர்க்கும் மனநல நோய்) என்கிறார், சாமி பேரைச் சொல்பவளை எப்படித் தடுப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, "நீங்கள் வாதாட வேண்டாம், அவள் மதிக்கும் பெரியவர் சொல்லட்டும்" என்ற யோசனை. எங்கள் கோயில் குருக்களிடம் அழைத்துப் போனோம். நோயாளிக்கு உபவாசம் விதிக்கப்படவில்லை, மௌனமும் பாராயணமும் விரதம்தான் என்றார். அம்மாவும் நானும் எத்தனையோ முறை சொன்னதுதான். அவர் சொன்னபோது அழுதுவிட்டாள்.

அப்புறம் ஒருவர் வடலூரை நினைவூட்டியிருந்தார். 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் பசி தீர்ப்பதே வழிபாடு. அங்கே போய்வந்த பிறகு, தன் பசிக்கும் அது பொருந்தும் என்று அவளே சொன்னாள்.

எதிர்பாராதது: சாப்பாடு கூடியதும் கால் வீங்கியது. உடல் மீளும்போது இப்படி வரலாம் என்றார் மருத்துவர். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவும் பார்த்தார். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் இவை ஆபத்தாகக் குறையலாம். அதனால் மருத்துவரைக் கேட்டே அளவைக் கூட்டுங்கள்.

மனநல சிகிச்சையும் உணவியல் நிபுணரின் ஆலோசனையும் தொடர்கின்றன. எடை இன்னும் முழுதாக ஏறவில்லை, மாதவிடாய் திரும்பிவிட்டது.