‘பாடி எர்த்’: புவித்தொடுப்பா, கூண்டுத் தொடுப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சொந்தமாகக் கார் மின்பழுது பார்ப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘பாடி எர்த்’ (பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உலோக உடம்போடு சேர்க்கும் இணைப்பு) என்பதற்கு நேராகப் ‘புவித்தொடுப்பு’ என்று எழுதியிருக்கிறோம். அதை மாற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் பழுது பார்ப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பி அவர் காசைக் கரைக்கும்.

வீட்டில் புவித்தொடுப்புக் கம்பி மண்ணில் புதைத்த தகட்டிலோ குழாயிலோ போய் முடிகிறது; எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்னோட்டம் இராது. காரோ நான்கு ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பெரும்பாலும், விளக்கையோ மோட்டாரையோ கடந்தபின், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே மறுமுனைக்குத் திரும்புகிறது. ஆகவே பட்டறையில் ‘எர்த்’ என்று சொல்லப்படுவது மின்சுற்றின் சரிபாதி. வீட்டுப் பழக்கத்தில் அதைக் காப்புக்கம்பி என்று எண்ணிக்கொள்பவர், பழுதை அங்கே தேடவே மாட்டார்.

சென்ற மாதம் என் பழைய கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அதே ‘டக்’. அடுத்ததாகச் செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று 6,500 ரூபாய் கேட்டார்கள். நான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, 400 ரூபாய் மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்தேன். அதன் கறுப்பு ஊசியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு ஊசியை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது. நல்ல வண்டியில் அது 0.2 வோல்ட் அளவில்தான் நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் திரும்பும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

சிறிய காரின் செல்ஃப் மோட்டார்கூட 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையை இத்தகைய மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் பூச்சியம் என்றே தோன்றும். செல்ஃப் மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கும்போது வோல்ட்டை அளந்தால்தான் அகப்படும்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் காரின் உடம்பையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு அந்தப் பட்டையை அவிழ்த்தபோது, அதன் நுனியில் போல்ட் நுழையும் உலோக வளையமான லக்குக்கு அடியில் செம்பு பச்சைப் பசேலென்று களிம்பேறியிருந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றில் அது வியப்பில்லை. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை முடுக்கி, மேலே வேசலின் தடவினேன். மீட்டர் 0.15 வோல்ட்டுக்கு இறங்கியது. உப்புத்தாள் 15 ரூபாய். வீணாக வாங்கிய பேட்டரியின் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘சட்டகத் தொடுப்பு’ (சட்டகம் என்றால் சேசிஸ்) என்று முன்பு ஒருவர் எழுதினார். லாரிக்கு அது பொருந்தும், ஆனால் இன்றைய சிறிய கார்களில் தனிச் சட்டகமே இல்லை. ‘மெய்த்தொடுப்பு’ இனிமையாக இருந்தாலும், பட்டறையில் அதைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கரூரிலும் நாமக்கல்லிலும் பேருந்துக்கும் லாரிக்கும் ‘கூண்டு கட்டுதல்’ என்று தொழிலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வண்டியின் ‘பாடி’க்கு அதுவே புழக்கத்திலுள்ள தமிழ். எனவே ‘கூண்டுத் தொடுப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

*

> ‘கூண்டுத் தொடுப்பு’ என்று வைக்கலாம்

அன்புடையீர், வணக்கம். யாழ்ப்பாணத்தில் கூண்டு என்றதும் எங்களுக்குக் கிளிக்கூண்டும் நீதிமன்றக் கூண்டுமே நினைவுக்கு வருகின்றன. கராஜில் நாங்கள் ‘பொடி எர்த்’ என்போம். அது பழகிவிடும், அதனால் அதை மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. உங்கள் பழுது எஞ்சின் பட்டையில் அல்லவா இருந்தது? பல கார்களில் பற்றரியின் தடித்த கறுப்புக் கம்பி நேரே கியர்ப்பெட்டியிலேயே பூட்டப்பட்டிருக்கும். அதில் பழுது வந்தால் கூண்டுத் தொடுப்புப் பழுது என்று எப்படிச் சொல்வீர்கள்?

எதிர்முனை இணைப்பு என்றும் பொதுப்பெயர் வைக்க வேண்டாம். என் வீட்டில் நிற்கும் மொறிஸ் மைனரில் பொடியோடு சேர்ந்திருப்பது பற்றரியின் நேர்முனை. அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவும் அப்படித்தான் வந்தன. மின்னோட்டம் திரும்பி வரும் வழி என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதால், ‘மீள்வழி’ என்ற சொல்லைப் பரிசீலியுங்கள்.

*

அன்புள்ள ஐயா, தாங்கள் கேட்டது சரியான கேள்வி. தங்கள் மொறிஸ் மைனரை மனத்தில் வைத்துப் பார்த்தால், திரும்பும் வழிக்கும் அந்த வழி பூட்டப்படும் இடத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டப் பார்த்தேன் என்பது விளங்குகிறது. வழி முழுவதற்கும் ‘மீள்வழி’ என்றும், அதிலுள்ள பூட்டு இடங்களுக்குக் ‘கூண்டுத் தொடுப்பு’, ‘எஞ்சின் தொடுப்பு’ என்றும், நான் அளந்த 1.6 வோல்ட்டுக்கு ‘மீள்வழி இழப்பு’ என்றும் பிரித்து வைக்கலாம்.

மின்கார்களிலும் இந்தப் பிரிவினை நிற்கிறது. அவற்றின் 12 வோல்ட் விளக்குகளுக்கு மீள்வழி கூண்டே. ஆரஞ்சு உறையிட்ட உயரழுத்தக் கம்பிகளுக்கோ மீள்வழி தனிக்கம்பி, கூண்டுத் தொடுப்பு கிடையாது. வீட்டில் பழுது பார்ப்பவர் அந்த ஆரஞ்சுக் கம்பிகளைத் தொடவே கூடாது என்பதையும் அதே பதிவில் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு வாக்கியமாக இதை முன்வைக்கிறேன்: “பிரேக்கை மிதித்ததும் பின்பக்கத்துச் சிறுவிளக்கும் மங்கலாக எரிந்தால், பல்பை மாற்றுவதற்கு முன் அந்த விளக்குப் பெட்டியின் கூண்டுத் தொடுப்பைக் கழற்றித் தேய்த்துப் பாருங்கள், மீள்வழி அறுந்ததால் மின்னோட்டம் பக்கத்துப் பல்பின் வழியே சுற்றிக்கொண்டு போகிறது.”

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.